ட்யூபுலர் டயரும் ஓசூர்த் தம்பியும்

சைக்கிள் டயர்ல அப்படி என்ன இருக்கு, உருண்டா சரின்னுதான் நானும் ரொம்ப நாள் இருந்தேன். பெங்களூருக்கு ஆணி புடுங்க வந்து, சனி ஞாயிறு என்ன பண்றதுன்னு தெரியாம ஒரு ரோட் பைக் வாங்கி, அது அப்படியே ரேஸ் பைத்தியமா முத்திப் போனதுக்கு அப்புறம்தான் டயருக்காகவும் ராத்திரித் தூக்கம் கெடும்னு தெரிஞ்சுது.

ரேஸ்னதும் பெருசா கற்பனை பண்ணிக்காதீங்க. நம்மள மாதிரி தொப்பையைக் குறைக்க வந்த ஐ.டி. ஆளுங்க பாதி, நிஜமாவே ஓட்டத் தெரிஞ்ச பசங்க பாதி. விடியக்காலைல தேவனஹள்ளி பக்கம் ரோடு காலியா இருக்கிறப்ப ஓட்டுவோம். இல்லன்னா நந்தி மலை ஏத்தம். ஜெயிச்சா ஒரு மெடல், தோத்தா இட்லி வடை. நான் பெரும்பாலும் இட்லி வடைதான் :-)

நந்தி ஏழு கிலோமீட்டருக்கு மேல ஏத்தம். ஏத்தத்துல வெயிட்டுதான் எதிரி. என் உடம்பைக் குறைக்கிறது கஷ்டம்ங்கிறதால சக்கரத்தைக் குறைக்கலாம்னு முடிவு பண்ணேன். (இந்த லாஜிக்கை எங்க டேமேஜர்கிட்ட சொன்னப்ப அவர் பார்த்த பார்வை இருக்கே!) என் பைக்கோட வந்த சக்கரம் ரெண்டும் சேர்ந்து ஒன்னே முக்கா கிலோவுக்கு மேல. கார்பன் சக்கரம் புதுசா வாங்கணும்னா ரெண்டு மாச வாடகையை வைக்கணும். அப்பதான் ஒருத்தர் பழைய கார்பன் ட்யூபுலர் சக்கரம் பதினாறாயிரத்துக்குக் குடுக்கறேன்னார். ஜோடி ஒன்னே கால் கிலோதான்.

ஏன் அவ்ளோ மலிவுன்னா, உலகமே டிஸ்க் பிரேக்குக்கும் டியூப்லெஸ்ஸுக்கும் போயிருச்சு. ஒரு காலத்துல டூர் டி பிரான்ஸ்ல ஓடுற எல்லாரும் ட்யூபுலர்தான். 2020க்கு அப்புறம் பெரும்பாலான அணிகள் அதைத் தூக்கிப் போட்டுட்டாங்க. அதனால பணக்கார அண்ணன்மாருங்க வீட்டுப் பரண்ல இருக்கிற ரிம் பிரேக் ட்யூபுலர் சக்கரம் எல்லாம் நம்ம மாதிரி ஆளுங்க கைக்கு வருது. அடிச்சுதுடா லாட்டரின்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

ட்யூபுலர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நம்ம ஊர் பஞ்சர் கடைல பார்த்திருப்பீங்க, டயர் தனி, ட்யூப் தனி. டயரோட ரெண்டு ஓரத்துலயும் கம்பி இருக்கும், அது ரிம்மோட உதட்டுல மாட்டிக்கும். ட்யூபுலர்ல அது கிடையாது. டயர் துணியையே ட்யூபைச் சுத்தி வளைச்சு, உள்பக்கமா நூல் போட்டுத் தைச்சு, மேல ஒரு துணிப் பட்டை ஒட்டிருப்பாங்க. முழுசா ஒரு மலைப்பாம்பு குட்டி மாதிரி இருக்கும். ரிம்முக்கு உதடே கிடையாது, லேசா குழிஞ்ச ஒரு பள்ளம் மட்டும்தான். அந்தப் பள்ளத்துல பசை போட்டு டயரை ஒட்டணும். அவ்ளோதான். நாப்பது, அம்பது கிலோமீட்டர் வேகத்துல திரும்பறப்ப உங்களையும் ரோட்டையும் சேர்த்துப் புடிச்சிருக்கிறது அந்தப் பசை மட்டுமே.

உதடு இல்லாததாலதான் ரிம் அவ்ளோ லேசு. பள்ளத்துல இறங்குனா ரிம் உதடு ட்யூபைக் கடிச்சு ரெண்டு ஓட்டை விழுமே, அதுவும் இதுல ரொம்பக் குறைவு. காத்து இறங்கிப் போனாலும் ஒழுங்கா ஒட்டிருந்தா டயர் கழலாது, மெதுவா ஓட்டி ஓரம் கட்டலாம். ஓடுற சுகமும் தனி. வேகம்னு பார்த்தா இப்ப நல்ல சாதா டயர்ல லேடெக்ஸ் ட்யூப் போட்டாலே ட்யூபுலருக்குச் சமமாவோ அதைவிட மேலாவோ உருளுது. ஒட்டுன பசையே கொஞ்சம் சக்தியைத் தின்னும்னு உருளை மேல ஓட்டிப் பார்த்தவங்க சொல்றாங்க. அதனால புதுசா வாங்கறவங்க இந்த வம்புக்கே போகாதீங்க. பழைய சக்கரம் மலிவா மாட்டுன என்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான் இந்தக் கதை.

சக்கரம் வந்திருச்சு, டயர்? இங்கதான் பட்ஜெட் பத்மநாபன் வேலையைக் காட்டுனேன்.

உசத்தி டயர்னா விட்டோரியா கோர்சா. 320 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 320 நூல் கணக்கு. நூல் மெல்லிசா நெருக்கமா இருக்க இருக்க டயர் வளைஞ்சு குடுக்கும், ரோட்டோட கரடுமுரடு கைக்கு வராது. உள்ள லேடெக்ஸ் ட்யூப் இருந்தா இன்னும் வழவழ. ஆனா லேடெக்ஸ்ல ராத்திரி அடிச்ச காத்து காலைல இருக்காது, தினமும் பம்பைத் தூக்கணும். ஒரு டயர் விலைக்கு ரெண்டு வாரம் மெஸ்ல சாப்பிடலாம்.

கான்டினென்டல் காம்படிஷன் இன்னொன்னு. ஜெர்மனில கோர்பாக்ங்கிற ஊர்ல கையால பண்றது. உள்ள ப்யூட்டைல் ட்யூப், காத்து நிக்கும், சீக்கிரம் கிழியாது. ஓட்டம் கொஞ்சம் முரடு, ஆனா நம்ம ஊர் ரோட்டுக்கு இதுதான் சரின்னு சொல்ற பெருசுங்க நிறைய. விலையும் பெருசுதான்.

அப்புறம் டூஃபோ, செக் நாட்டுக் கம்பெனி. அதுல உள்ள தனியா ட்யூபே கிடையாது, தையலும் கிடையாது, எல்லாம் ஒரே துண்டா வெந்து வரும். பஞ்சர் ஆனா சீலன்ட் ஊத்திப் பார்க்கலாம், அடைச்சா உண்டு, இல்லன்னா குப்பைத்தொட்டி. பிரிச்சுத் தைக்கிற பேச்சே இல்ல.

கடைசில விட்டோரியா ராலி. பேரு இத்தாலி, தயாரிப்பு தாய்லாந்து. ட்யூபுலர்லயே அடிமட்ட விலை. கனம் ஜாஸ்தி, ஓட்டம் மந்தம். சில டயர்ல சுத்தி விட்டுப் பார்த்தா லேசா பாம்பு மாதிரி நெளியும். ஆனா தைச்ச டயர், அதனால பஞ்சர் ஆனா பிரிக்கலாம். ரெண்டு ராலி வாங்குனேன், ஆச்சு அஞ்சாயிரத்துச் சொச்சம்.

இதுவரைக்கும் நான் பண்ணது தப்பே இல்ல. இப்பவும் சொல்வேன், மலிவு டயர்ல ரேஸ் ஓட்டலாம். சில நொடி போகும், அவ்ளோதான். நாம சில நொடில தோக்கிற ஜாதி இல்ல, பல நிமிஷத்துல தோக்கிற ஜாதி.

தப்பு அடுத்த வரில. பசை. முப்பது கிராம் ட்யூப் ஒன்னு ஐந்நூறு ரூபா. ஒரு சக்கரத்துக்கு ஒரு ட்யூப்னு கணக்கு வெச்சுக்கணும். நான் ஏற்கனவே இருபத்தோராயிரம் செலவு பண்ண எரிச்சல்ல, ஒரு ட்யூபை வெச்சு ரெண்டு சக்கரத்தையும் ஒட்டிரலாம்னு ஒன்னே ஒன்னு வாங்குனேன்.

முறைப்படி எப்படிப் பண்ணணும்னா, முதல்ல டயரைப் பசை இல்லாம வெறும் ரிம்ல மாட்டி, நல்லா காத்து அடிச்சு ஒரு ராத்திரி விடணும். புது டயர் அவ்ளோ டைட்டா இருக்கும், இழுபட்டாதான் ஒழுங்கா உக்காரும். ரிம்மை அசிட்டோன் போட்டு எண்ணெய்ப்பசை போகத் தொடைக்கணும். மெல்லிசா ஒரு கோட்டு, ஒரு நாள் காய விடணும். அப்புறம் இன்னொரு கோட்டு, இன்னொரு நாள். டயர் அடிப்பட்டைலயும் ரெண்டு கோட்டு. கடைசியா ரிம்ல ஈரமா ஒரு மெல்லிய கோட்டு போட்டு, வால்வுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டே வந்து மாட்டி, சுத்திப் பார்த்து நேராக்கி, காத்து நிறைய அடிச்சு, இன்னொரு நாள் தொடாம விடணும். ஆக நாலஞ்சு நாள் வேலை.

எனக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸ். ஞாயித்துக்கிழமை ரேஸ். சனிக்கிழமை மத்தியானம் பால்கனில உக்காந்து ஒரே கோட்டு. முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் தாராளமா, மிச்சம் இருந்ததைப் பின் சக்கரத்துக்கு விரலால வழிச்சு. அரை மணி நேரத்துல மாட்டி முடிச்சாச்சு. கை முழுக்கப் பசை, லுங்கி முழுக்கப் பசை. கதவுப் புடில ஒட்டுனது இன்னும் போகல. ரிம்ல ஒட்ட வேண்டியது மட்டும்தான் ஒட்டல.

அந்த ரேஸ்ல ஒன்னும் ஆகல. அதுதான் கெடுதல். அடுத்த மூனு வாரமும் ஒன்னும் ஆகல. சக்கரம் சும்மா பஞ்சு மாதிரி ஏறுது. நந்தில என் டைம்ல ஒன்றரை நிமிஷம் குறைஞ்சுது. அது சக்கரத்தாலயா, இல்ல புதுச் சக்கரம் வாங்கியாச்சே குறைஞ்சாகணுமேங்கிற வெறியாலயான்னு கேக்காதீங்க.

நாலாவது வாரம் பைக்கைத் தொடைக்கறப்ப பார்த்தேன், பின் சக்கரத்துல வால்வு நேரா நிக்காம லேசா ஒரு பக்கம் சாஞ்சிருந்துது. பிரேக் புடிக்கறப்ப டயர் ரிம் மேல நகருதுன்னு அர்த்தம். அது அன்னிக்கு எனக்குத் தெரியாதுன்னு சொன்னா பொய். படிச்சிருந்தேன். காத்தை இறக்கிட்டுக் கட்டைவிரலால டயரைப் பக்கவாட்டுல தள்ளிப் பார்க்கணும், தூக்கிக்கிட்டு வந்தா கழட்டி மறுபடி ஒட்டணும்னும் படிச்சிருந்தேன். தள்ளிப் பார்க்கல. பார்த்தா தூக்கிக்கிட்டு வரும்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சதாலதான்னு நினைக்கிறேன்.

அந்த ஞாயிறு நந்தி. ஏறி முடிச்சு, மேல டீ குடிச்சுட்டு எல்லாரும் கும்பலா இறங்கறோம். என் பின்னாடி ஒரு தம்பி. ஓசூர்க்காரன், பத்தொம்பது வயசு, டிப்ளமோ படிக்கிறான். நான் சொன்னேன்ல, நிஜமாவே ஓட்டத் தெரிஞ்ச பசங்கன்னு, அதுல ஒருத்தன். அவன் பைக் என்னோடதுல பாதி விலை இருக்காது. ஏத்தத்துல என்னை மூனு நிமிஷம் முந்திப் போய், மேல எனக்காக டீ சொல்லி வெச்சுக் காத்திருப்பான். அடுத்த மாசம் அவனுக்கு ஒரு தேர்வுப் போட்டி இருந்துது, ஆறு மாசமா அதுக்காகத்தான் ஓட்டிக்கிட்டு இருந்தான்.

இறக்கத்துல ரிம் பிரேக் புடிக்கப் புடிக்க ரிம் சூடாகும். கார்பன் ரிம்ல அந்தச் சூடு சீக்கிரம் வெளியே போகாது. சூட்டுல பசை இளகும். ஒழுங்கா மூனு கோட்டு போட்டவனுக்கே இளகும், வழிச்சுத் தடவுனவனுக்கு என்ன மிஞ்சும்? ஒரு கொண்டை ஊசி வளைவுல பைக்கைச் சாய்ச்சேன். பின்னாடி சர்ருன்னு ஒரு சத்தம். டயர் ரிம்மை விட்டுப் பக்கவாட்டுல உருண்டு கழண்டுருச்சு. வெறும் கார்பன் தார் ரோட்டுல உரச, நான் கீழ. என் மேல அவன்.

எனக்குத் தொடைல முழங்கைல தோல் போச்சு, அவ்ளோதான். அவனுக்குக் காறை எலும்பு உடைஞ்சுது.

2003 டூர் டி பிரான்ஸ்ல ஜோசெபா பெலோகி விழுந்ததை வீடியோல நூறு தடவை பார்த்திருக்கேன். ஜூலை 14, காப்ங்கிற ஊருக்கு இறங்கற ரோடு, வெயில்ல தார் உருகிக் கிடக்கு. மொத்தத்துல ரெண்டாவது இடத்துல இருந்த மனுஷன். பிரேக்கடிச்சதுல பின் சக்கரம் வழுக்கி, ட்யூபுலர் ரிம்மை விட்டுக் கழண்டு, தூக்கி வீசிருச்சு. தொடை, முழங்கை, மணிக்கட்டு எல்லாம் முறிவு. பின்னாடி வந்த ஆர்ம்ஸ்ட்ராங் ரோட்டை விட்டு வயல்ல இறங்கி ஓட்டித் தப்பிச்சான். அதைப் பார்க்கறப்ப எல்லாம் நான் பெலோகியைத்தான் பார்ப்பேன். பின்னாடி வர்றவனுக்கு எப்பவும் ஒரு வயல் இருக்கும்னு நினைச்சுட்டு இருந்தேன் போல. நந்தில வயல் இல்ல, கைப்பிடிச் சுவர்தான்.

ஆஸ்பத்திரிக்கு அவன் அப்பா வந்தார். ஃபேக்டரி யூனிஃபார்மோட, ஷிஃப்ட்ல பாதில கெளம்பி வந்திருந்தார். ஈ.எஸ்.ஐ. இருந்ததால செலவு பெருசா இல்ல, ஆனா அவர் என் கையைப் புடிச்சுட்டு, "உங்களுக்கு ஒன்னும் ஆகலையே தம்பி?"ன்னார். அப்புறம், "ஓடுற வண்டில டயர் எப்படிங்க தம்பி கழலும்?"னு கேட்டார். மெஷின்ல வேலை பாக்கிற மனுஷன், நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டார்.

"ரோட்டுல மண்ணு இருந்துச்சுங்க, வழுக்கிருச்சு"ன்னேன்.

அப்படியே ஒத்துக்கிட்டார். தம்பியும் ஒத்துக்கிட்டான். யாருமே திரும்பிக் கேக்கல. தேர்வுப் போட்டி நடந்தப்ப அவன் கையைத் தொட்டில் கட்டிக்கிட்டு வீட்ல இருந்தான்.

நான் சக்கரத்தைக் கழட்டி மூலைல வெச்சுட்டேன். பின் டயர் வேற பஞ்சர், ரோட்டுல இழுபட்டதுல. ரெண்டு மாசம் கழிச்சு, தூக்கிப் போடவும் மனசு வராம, ஒழுங்கா ஒரு தடவை பண்ணிப் பார்த்துரலாம்னு எடுத்தேன். அடிப்பட்டையைப் பிரிச்சா உள்ள தையல். பத்து சென்டிமீட்டர் அளவு தையலைப் பிளேடால அறுத்து, ட்யூபை வெளியே இழுத்து, நம்ம பஞ்சர் கடை சொல்யூஷனும் பேட்ச்சும் போட்டு ஒட்டியாச்சு. திரும்பித் தைக்கறதுதான் நமக்கு வரல. கை முழுக்கக் குத்திக்கிட்டு, எங்க தெரு முனைல செருப்புத் தைக்கிற தாத்தாகிட்ட எடுத்துட்டுப் போனேன். வேலூர்ப் பக்கத்துக்காரர். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "என்னப்பா இது, சைக்கிளுக்கு செருப்பா?"ன்னார். பழைய ஓட்டைலயே ஊசியை விட்டு, மெழுகு நூல்ல, உள்ள ட்யூபைத் தொடாம பத்து நிமிஷத்துல தைச்சுட்டார். முப்பது ரூபா. அவர் தைச்ச இடம்தான் இன்னிக்கும் அந்த டயர்லயே உறுதியான இடம். புது டயர் ரெண்டாயிரத்தைந்நூறு, இது முப்பது. பட்ஜெட்னா இங்க புடிக்கணும்.

அவர்கிட்ட செருப்புப் பசையும் டப்பா டப்பாவா இருந்துது. "இதைப் போட்டு ஒட்டேன், யானை இழுத்தாலும் வராது"ன்னார். அதுவும் வேணாம், பஞ்சர் சொல்யூஷனும் வேணாம். ட்யூபுலர் பசைங்கிறது முழுசா இறுகிப் போகாம எப்பவும் கொஞ்சம் பிசுபிசுன்னே இருக்கணும். நடு ரோட்டுல பஞ்சர் ஆனா பழையதை உரிச்சுட்டு, சீட்டுக்கு அடியில கட்டி வெச்சிருக்கிற, ஏற்கனவே பசை தடவுன ஸ்பேர் டயரை மாட்டுறோமே, அது வீடு போய்ச் சேர்ற வரைக்காவது புடிக்கறது ரிம்ல மிச்சம் இருக்கிற அந்தப் பிசுபிசுப்பாலதான். அப்பவும் வளைவுல பொட்டிப் பாம்பா போகணும்.

அப்புறம் முறைப்படி ஒட்டுனேன். ரெண்டு சக்கரத்துக்கு மூனு ட்யூப் பசை, அஞ்சு நாள். அஞ்சு நாளும் அவன் ஞாபகம்தான். இன்னொரு ஐந்நூறு ரூபாவும் நாலு நாள் பொறுமையும் இருந்திருந்தா அவன் அந்தப் போட்டி ஓட்டியிருப்பான்.

போன மாசம் ஒரு நாள் போன் பண்ணான். கை சரியாகி மறுபடி ஓட்ட ஆரம்பிச்சுட்டான். "அண்ணா, அந்தக் கார்பன் சக்கரம் சும்மாதான கெடக்குன்னாங்க. வித்துடறீங்களாண்ணா? மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடறேன்"ன்னான்.

நேர்ல வரச் சொன்னேன். வந்தான். சக்கரத்தைத் தூக்கிப் பார்த்து, "பேப்பர் மாதிரி இருக்குண்ணா"ன்னு சிரிச்சான். அப்ப சொன்னேன். மண்ணு இல்லடா, பசைன்னு. ஒரு கோட்டுதான் போட்டேன்னு. வால்வு சாஞ்சிருந்ததைப் பார்த்துட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன்னு.

ரொம்ப நேரம் ஒன்னும் பேசல. சக்கரத்தை மடியில வெச்சுக்கிட்டு டயரை அமுக்கிக்கிட்டே இருந்தான். கெளம்பிப் போயிருவான்னு நினைச்சேன். போயிருந்தாலும் தப்பில்ல. ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது.

"எத்தனை கோட்டு போடணும்ணா?"ன்னான்.

"மூனு."

"ஒவ்வொன்னுக்கும் ஒரு நாளா?"

"ஒரு நாள்."

காத்தை இறக்குனான். கட்டைவிரல் ரெண்டையும் வெச்சு டயரைப் பக்கவாட்டுல தள்ளுனான். சுத்தி முழுக்க, அங்குலம் அங்குலமா. எங்கயும் தூக்கல. இருந்தாலும், "நானே ஒரு தடவை கழட்டி ஒட்டிக்கிறேண்ணா"ன்னான். சரிதான்னேன்.

பணம் வேணாம்னா கேக்க மாட்டேங்கிறான், மாசம் ஆயிரம் குடுத்தே தீருவேன்ங்கிறான். பின் சக்கரத்துக்குத் தாத்தா தைச்ச ராலியே போதும்னுட்டான். முன்னாடிக்கு மட்டும் ஒரு காம்படிஷன் வாங்கிக் குடுத்திருக்கேன், அதை எப்படியோ ஒத்துக்கிட்டான். இப்ப அது என் பால்கனில பழைய ரிம் ஒன்னுல இழுபட்டுக்கிட்டு இருக்கு, பக்கத்துல மூனு ட்யூப் பசை. அவன் சனிக்கிழமை வர்றான், முதல் கோட்டு அன்னிக்கு. அடுத்த வாரம் முழுக்க சாயங்காலம் பஸ் புடிச்சு வர்றதா சொல்லிருக்கான்.

அவன் அப்பாகிட்ட இன்னும் சொல்லல. "நான் சொல்லிக்கிறேன்ணா"ன்னான். இல்ல, அதை நான்தான் ஓசூர் போய்ச் சொல்லணும்.